எல்.டி.சி.யில் ஒரு பனிச்சறுக்கு

டில்லியில் மத்திய அரசு வேலை பார்க்கும் தமிழனுக்கு எல்.டி.சி. என்றால் ஒரே ஒரு பொருள்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், அல்லது ஜி.டி. எக்ஸ்பிரஸ். புளியோதரை, தயிர்சாதம், ஒரு பெரிய கூஜா தண்ணீர். பிறகு ஊர். எங்கள் வீட்டிலும் இருபத்தைந்து ஆண்டுகளாக அப்படித்தான். சொந்த ஊர் செல்லும் சலுகையை மாற்றிக்கொண்டு காஷ்மீருக்கு விமானத்திலேயே போய் வரலாம் என்று அரசாங்கம் அனுமதித்திருக்கிறது என்பதை என் மகன் எங்கிருந்தோ படித்துவிட்டு வந்தான். அன்று ஆரம்பித்தது வினை.

“மன்னார்குடிக்கு அடுத்த தடவை போகலாம்ப்பா. பனியில சறுக்கணும்” என்றான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எட்டாவது படிக்கும் மகளும் அவன் கட்சி. என் மனைவி வாய் திறக்கவில்லை. ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் சொல்லும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது. “போயிட்டு வாங்க” என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இரண்டு நாள் என் காதிலேயே இருந்தது.

2024 பிப்ரவரி 23 வெள்ளிக்கிழமை புறப்பாடு, 26 திங்களன்று திரும்புதல் என்று டிக்கெட் எடுத்தோம். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஜனவரியில் குல்மர்க்கில் பனியே இல்லை என்று! வெள்ளை வெளேரென்று கிடக்க வேண்டிய சரிவுகள் காய்ந்த புல்லும் மண்ணுமாக இருக்கும் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. “மன்னார்குடியிலயும் புல்லு இருக்கே” என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிலைமை மாறியது. மத்திய தரைக்கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வரும் குளிர்காலக் காற்றழுத்தங்கள்தான் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டு வருகின்றன. அப்படி ஒன்று வந்து நாள்கணக்கில் கொட்டித் தீர்த்தது. சாலை அடைப்பு, விமானம் ரத்து என்று செய்திகள் வந்தன. கவலையும் குதூகலமும் சரிபாதியாக வெள்ளியன்று விமானம் ஏறினோம்.

தங்மர்க்கிலிருந்து மேலே

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர். மாகாம் வழியாகத் தங்மர்க் வரை சாதாரண வண்டி போகும். கடைசி 13 கிலோமீட்டர்தான் ஏற்றம். பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியில் மாறிக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் தேவதாரு மரங்கள், ஒவ்வொரு கிளையிலும் தலையணை தலையணையாகப் பனி. சாலை ஓரத்தில் வழித்துத் தள்ளிய பனி என் தோள் உயரத்துக்கு நின்றது. ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமல், கியரை மாற்றி மாற்றியே ஓட்டினார். பேச்சு அத்தனையும் எங்கள் கூட்டத்திடமிருந்துதான். அவர் வாயே திறக்கவில்லை.

குல்மர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட நானூறு மீட்டருக்கு மேல் அதிகம். வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடிய மைதானம் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பள்ளியாகிவிடுகிறது. 1927லேயே இங்கே பனிச்சறுக்குச் சங்கம் அமைத்தார்கள். ஆனாலும் உலகம் குல்மர்க்கைத் தேடி வரத் தொடங்கியது கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி வந்த பிறகுதான். முதல் கட்டம் 1998ல் கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் 2005ல் அஃபர்வட் மலைத்தோள் வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்துக்கு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான்.

நாங்கள் போன வாரம் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்ததால் ஊர் முழுக்கக் கூட்டம். ஆனால் ஓட்டலில் நுழைந்ததும் எங்கள் காதில் விழுந்த பேச்சு போட்டியைப் பற்றியதல்ல. முந்தைய நாள், வியாழன் 22ஆம் தேதி, அஃபர்வட் சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு, ரஷ்யாவிலிருந்து சறுக்க வந்திருந்த குழு ஒன்று சிக்கிக்கொண்டது. மற்றவர்களை மீட்டுவிட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். என் மகள் அன்றிரவு போர்வைக்குள்ளிருந்து, “அப்பா, நம்ம ரூம் மேல விழாதில்ல?” என்று இரண்டு முறை கேட்டாள்.

விழக் கற்பது

சனிக்கிழமை காலை எங்களுக்கு அமைந்த பயிற்சியாளருக்கு ஐம்பது வயதிருக்கும். ஃபெரனுக்குள் காங்கிரியை அணைத்தபடி வந்தார். தணல் போட்ட மண்சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சாவகாசமாக நடப்பதைப் பார்க்க முதலில் நமக்குத்தான் பயமாக இருக்கிறது.

ஸ்கீ காலணி என்பது காலணியே அல்ல, காலுக்கு மாட்டும் விலங்கு. கணுக்காலை அசைக்க முடியாது. அதை மாட்டிக்கொண்டு இருபது அடி நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அந்த உயரத்தில் காற்றும் கொஞ்சம் மெலிவுதான்.

முதல் பாடம், விழுவது. முன்னால் விழக் கூடாது, பின்னால் உட்காரவும் கூடாது. பக்கவாட்டில், மலை ஏறும் பக்கமாகச் சாய வேண்டும். எழும்போது இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த வேகத்திலேயே மீண்டும் பயணம் தொடங்கிவிடும். இந்த ஒரு பாடத்தில் நான் சீக்கிரமே தேர்ச்சி பெற்றேன்.

இரண்டாவது பாடம், நிற்பது. பலகைகளின் முன்நுனிகளை ஒன்றாகச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, குடிசைக் கூரையின் முகடுபோல் வைத்து, உள்விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். அகட்ட அகட்ட வேகம் குறையும். ஒரு காலில் பாரத்தைக் கூட்டினால் எதிர்ப்பக்கம் திரும்பும். மதியத்துக்குள் மகன் இதைப் பிடித்துக்கொண்டான். மகள் அவனைவிட நன்றாகச் செய்தாள், ஆனால் அதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. என் மனைவி சேலைக்கு மேல் கோட்டும் ரப்பர் பூட்சும் அணிந்து, மரச்சறுக்கு வண்டியில் ஒரு சுற்று வந்து இறங்கி, “போதும், ஜென்மத்துக்கும்” என்றாள். இழுத்து வந்தவருக்கு என்னை விட வயது அதிகம். அவள் மனசு கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம்

ஞாயிறு காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மேகம் இல்லை, காற்று இல்லை. மகனின் கல்லூரி நண்பர்கள் இருவரும் குல்மர்க் வந்திருந்தார்கள். கொண்டோலாவில் எல்லாரும் கொங்டூரி வரை போனோம். அங்கே இறங்கியதும் மகன் விஷயத்தை உடைத்தான். மூன்று பேரும் இரண்டாம் கட்டத்துக்கு ஏறி, மேலேயிருந்து தொடப்படாத புதுப் பனியில் சறுக்கி இறங்கப் போகிறார்கள். பயிற்சியாளர் கூட வந்தால் போதும்.

பயிற்சியாளர் ஒரே வார்த்தையில் “இல்லை” என்றார்.

மகன் விடவில்லை. “நேத்து நல்லா பண்றேன்னு நீங்கதானே சொன்னீங்க? பாருங்க, வெயில் அடிக்குது. பனி விழுந்து முடிஞ்சு நாலு நாள் ஆச்சு” என்று இந்தியில் வாதாடினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொல்கிறேன், நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். இவ்வளவு செலவு, இவ்வளவு தூரம். அம்மாவுக்குச் சேர வேண்டிய பயணத்தை இதற்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறோம். ஆசைப்பட்டதைச் செய்யாமல் திரும்புவதா என்று தோன்றியது.

பயிற்சியாளர் பதில் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்து, பாதையின் ஓரமாகப் பனியை நேர்க்குத்தாக வெட்டினார். இடுப்பளவு ஆழம் வந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே கனமான புதுப் பனி, கேக் துண்டுபோல் கெட்டியாக நின்றது. அடியில் விரல்கடை அளவுக்கு ஒரு படலம். அதில் ஒரு பிடி அள்ளி என் மனைவியிடம் தந்து, உருண்டை பிடிக்கச் சொன்னார். எவ்வளவு அழுத்தியும் பிடிபடவில்லை.

“நெய் பத்தாத ரவா லாடு மாதிரி உதிர்றதே” என்றாள்.

நான் இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். ஆரம்பத்தில் விழுந்த கொஞ்சம் பனி, வறண்ட குளிர்நாட்களில் அப்படியே கிடந்தால், தரையின் வெப்பத்துக்கும் மேலே உள்ள கடுங்குளிருக்கும் நடுவில் அகப்பட்டு, சர்க்கரைக் குருணைபோல் மாறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் மேல் ஒரே வாரத்தில் பெரும் பனி விழுந்தால், ரவையைப் பரப்பி அதன் மேல் கருங்கல் பலகையை வைத்த கதைதான். சரிவு 30 முதல் 45 டிகிரி இருக்கும் இடத்தில், ஒரு மனிதனின் பாரமே அந்தப் பலகையை நகர்த்தப் போதும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். பனி நின்ற முதல் இரண்டு நாள் மிக ஆபத்து. அடியில் இப்படிக் குருணை இருந்தால் ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும். வெயில் அடிப்பது அதற்குச் சாட்சி ஆகாது.

புதையுண்டவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரைமணி கடந்தால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர்தான். அதனால் மேலே போகிற ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். பையன்கள் மூவரிடமும் இருந்தது கைப்பேசி.

“2010ல் இங்கே ராணுவப் பள்ளியின் வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் போனார்கள். மலையைப் பழகியவர்கள். போன வருஷம் பிப்ரவரியில் போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். மூன்று நாளுக்கு முன்னால் ஒருவர்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “ஜனவரி முழுக்க எனக்கு ஒரு நாள் வேலை இல்லை சாப். மேலே கூட்டிப் போனால் இன்றைக்குக் கூலி கூடவே கிடைக்கும். எனக்கும் பணம் வேண்டும். ஆனாலும் இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போக மாட்டேன்.”

அதற்கு மேல் நான் பேச ஒன்றும் இல்லை. “வேண்டாம்ப்பா” என்றேன் மகனிடம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். கால் மணி கழித்துத் தானாகவே எழுந்து வந்து, வெட்டிய குழிக்குள் இறங்கி, அந்தக் குருணையைத் தானும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். அன்று முழுவதும் கீழ்ச்சரிவிலேயே மூன்று பேரும் சறுக்கினார்கள். மாலைக்குள் மகன் வளைந்து திரும்பவும் கற்றுக்கொண்டான்.

பனி என்றால் தண்ணீர்

அன்றிரவு கஹ்வா குடித்தபடி ஓட்டல் சிப்பந்தி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிர், சில்லை கலான் என்பார்கள். அப்போது விழும் பனிதான் இறுகி நின்று, கோடை முழுக்க மெல்ல உருகி, ஊற்றுகளையும் ஓடைகளையும் நெல்வயல்களையும் காக்கும். பிப்ரவரிப் பனி சீக்கிரம் கரைந்து ஓடிவிடும். “சுற்றுலாக்காரர்களுக்குப் பனி வந்துவிட்டது. வயலுக்கு வந்ததா என்று ஜூனில்தான் தெரியும்” என்றார். ஜூன் 12ல் மேட்டூர் திறக்குமா என்று என் அப்பா வருஷா வருஷம் கேட்ட அதே குரல்.

திங்களன்று டில்லி திரும்பியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். சறுக்கியதை, விழுந்ததை, ரவா லாடுவை எல்லாம் சொன்னேன். “பெத்தவன் சொல்லாததை அந்த மனுஷன் சொல்லியிருக்கான். அவனுக்கு நாலு காசு கூடக் குடுத்தியா?” என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். அடுத்த எல்.டி.சி. மன்னார்குடிக்குத்தான் என்பதை நான் சொல்லும் முன் மகனே போனை வாங்கிச் சொல்லிவிட்டான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு பல குடும்பங்கள் தயங்குகின்றன. புறப்படும் முன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யவில்லை, போஸ்ட்பெய்டு மட்டுமே எடுத்தது. கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியிலும் சுடும், அங்கேயும் களிம்பு தடவுங்கள். முறையாகக் கற்க விரும்பினால் குல்மர்க்கிலேயே மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. பனிச்சரிவு எச்சரிக்கை அறிவிப்புகளைத் தினமும் கேளுங்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால், டிக்கெட் கையில் இருந்தாலும் ஏறாதீர்கள். ஒரு டப்பா மிளகாய்ப்பொடி, ஒரு பாட்டில் ஊறுகாய் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குளிரில் அது செய்யும் வேலை தனி!