பலகையில் கமிட்டி, லைனில் துணை

மதுரைக்கு வடக்கே, திண்டுக்கல் வட்டாரத்தில், நாச்சி அப்பேரல் என்ற ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். மாதக்கணக்கில் தொல்லை நடந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அப்போது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்து 7 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அதன்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். எழுத்தில் இவ்வளவு இருந்தும் புகார் தொண்டையைத் தாண்டுவதில்லை. டார்கெட், லீவு, ஓவர்டைம் எல்லாம் சூப்பர்வைசர் கையில். குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர்கள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தவளிடம் தைரியமாகப் பேசு என்று சொல்வது நியாயமே இல்லை.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் கைவைத்தது இந்த இடத்தில்தான். பெண்கள் தலைமையிலான டிடிசியு தொழிற்சங்கமும் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனமும் ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் சேர்ந்தன. தையல் லைனிலேயே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் தொல்லை நடக்கிறதா என்று கண்காணிப்பவர்களானார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால், ஆலைக்கு வரும் ஆர்டரே பாதிக்கப்படும் என்று நிலை மாறியது. இப்படிக் கெடுபிடி செய்தால் ஆர்டர் ஓடிவிடும் என்று முதலாளிகள் அஞ்சுவதுண்டு. நடந்தது வேறு. கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டில் அந்த ஆலையின் சரக்கை 2022 ஜூலையில் தடுத்த அமெரிக்க சுங்கத்துறை, ஒப்பந்தத்தால் வந்த மாற்றங்களைப் பார்த்துச் செப்டம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. பொய்ப் புகார் பெருகும் என்பது இன்னொரு அச்சம். வேண்டுமென்றே பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆனால் மதுரையின் சித்தாள்களுக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும், விளக்குத்தூண் பக்கம் நாலைந்து பேர் நிற்கும் கடைப் பெண்களுக்கும் லைனும் இல்லை, கமிட்டியும் இல்லை. அவர்களுக்கென்று சட்டம் வைத்திருப்பது மாவட்ட உள்ளூர்க் குழு. தாலுகாவிலும் நகர வார்டிலும் ஒரு பொறுப்பு அலுவலர் புகாரை வாங்கி 7 நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பதும் குழுவின் கடமை. அந்த அலுவலரின் பெயரும் போன் நம்பரும் கலெக்டர் அலுவலகக் கோப்பில் கிடந்தால் போதாது. விடிகாலையில் சித்தாள்கள் தூக்குவாளியோடு வேலைக்குக் காத்து நிற்கும் முக்குகளில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.