முகவரி மட்டும் போதாது: கர்னல் நினைவகத்தைத் தொடும் விதிகள்

சென்னை ஐஐடியின் சக்தி செயலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் "நம்ம நாட்டுச் சிப்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2018இல் அந்தக் குழுவின் ரிஸ்கிரீக் சிப் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாராகி, அதில் லினக்ஸும் ஓடியது. எனக்கு அதில் பிடித்த கேள்வி வேற. நினைவகத்தின் எந்தப் பகுதியை எப்படித் தொடலாம் என்று அந்த லினக்ஸ் கர்னலுக்கு யார் சொல்கிறார்கள்?

சக்தியின் முகவரி வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். பதினாறடிமான எண்ணில் 11300 என்ற முகவரியில் யூஆர்ட் இருக்கிறது, அதாவது எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பி வாங்கும் சாதனம். 80000000 என்ற முகவரியில் ராம் தொடங்குகிறது. இரண்டையும் தொடுவதற்கு ஒரே லோடு, ஸ்டோர் கட்டளைகள்தான். ஆனா இரண்டையும் ஒரே மாதிரி தொட்டால் கணினி கெட்டுப்போகும்.

எங்க ஊர் தாயில்பட்டிக்காரங்களுக்கு இது சட்டுன்னு விளங்கும். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வகை விதி உண்டு. யார், எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பது ஒன்று. போனவர் எப்படி வேலை செய்யணும் என்பது இன்னொன்று. அட்டைக்குழாய் அறையில் நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே எடுத்து வைத்தால் கெட்டிக்காரத்தனம். மருந்து கலக்கும் அறையில் அதையே செய்தால், கலந்த மருந்து ராத்திரி ஈரத்தில் தானே சூடேறி உயிரை வாங்கும். செய்த வேலை ஒண்ணுதான், இடம்தான் வேற.

முதல் வகை விதியை, அதாவது அனுமதியை, முதலில் பார்ப்போம். சக்தி பின்பற்றுவது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு. அதில் மூன்று படிநிலைகள்: மேலே இயந்திர நிலை, நடுவில் கர்னல் ஓடும் மேற்பார்வை நிலை, கீழே பயனர் நிலை. கர்னல்தான் எல்லாத்துக்கும் முதலாளி என்று நினைப்போம். இல்லை, அதற்கும் மேலே இயந்திர நிலையில் ஓடும் ஃபர்ம்வேர் இருக்கிறது. பிஎம்பி என்ற பதிவேடுகளில் "இந்த முகவரியிலிருந்து இதுவரை படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்" என்று அது எழுதி வைக்கும். பிஎம்பி உள்ள சிப்பில் ஒரு முகவரிக்கு எந்தப் பதிவும் பொருந்தவில்லை என்றால், இயந்திர நிலைக்கு அனுமதி உண்டு. கர்னலுக்கு இல்லை.

எம்ஐடியில் பாடம் நடத்தப் பயன்படும் எக்ஸ்வி6 என்ற குட்டி கர்னலின் தொடக்கக் கோப்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வரி, முதல் முகவரிப் பதிவேட்டில் 54 பிட்டுகளையும் ஒன்றாக்குகிறது. அடுத்த வரி, அமைப்புப் பதிவேட்டில் 15 என்று எழுதுகிறது. 15 என்பது 7 கூட்டல் 8. 7 என்றால் படிக்க, எழுத, ஓட்ட மூன்றுக்கும் அனுமதி. 8 என்றால் "சுழியிலிருந்து அந்த எல்லை வரை". ஆக மொத்த நினைவகமும் கர்னலுக்குத் திறந்தாச்சு. இந்த இரண்டு வரியை எடுத்துவிட்டால், மேற்பார்வை நிலைக்கு இறங்கியதும் முதல் கட்டளையிலேயே விதிமீறல் என்று செயலி நின்றுவிடும். திரையில் ஒரு எழுத்துகூட வராது, எங்கே தப்பு என்று தேடுகிறவர் பாவம். (எல்லை முகவரியை 4ஆல் வகுத்துத்தான் இந்தப் பதிவேட்டில் எழுதணும். அதையும் நினைவில் வைக்கணும்.)

பிஎம்பியில் பூட்டு பிட் ஒன்றும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் எழுதிய ஃபர்ம்வேருக்கே அந்த விதி பொருந்தும். சிப்பை ரீசெட் செய்யும்வரை மாற்ற முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதற்குக் கீழே கர்னல் தன் பக்க அட்டவணையை எழுதுகிறது. நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் படிக்க, எழுத, ஓட்ட என்று தனித்தனி பிட். ஒரே பக்கத்தை எழுதவும் ஓட்டவும் விடக்கூடாது என்பது இன்றைய நல்ல கர்னல்களின் வழக்கம். விட்டால், உள்ளே புகுந்தவன் தரவாக எழுதியதை நிரலாக ஓட்டிவிடுவான்.

இனி இரண்டாவது வகை விதி. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏன்னா இது அனுமதி சம்பந்தப்பட்டதே இல்லை. ராமைப் படிக்கும்போது செயலி பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து முன்கூட்டியே கேஷுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். தப்பில்லை, ராம் அப்படியே இருக்கும். யூஆர்ட்டில் வந்த எழுத்தைப் படித்தால், படித்த அந்தக் கணமே அது வரிசையிலிருந்து போய்விடும். யாரும் கேட்காமலே செயலி முன்கூட்டிப் படித்தால் ஒரு எழுத்து காணாமல் போகும். எழுதுவதும் அப்படித்தான். ஒரே முகவரிக்கு அடுத்தடுத்து இரண்டு எழுத்து அனுப்பினால், கேஷ் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும், அதுவும் சாதனத்துக்கு எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. சி மொழியின் வாலடைல் இதற்குக் காவல் இல்லை. அது கம்பைலரைத்தான் கட்டும், கேஷைக் கட்டாது.

ஆகவே "இது சாதனம், கேஷில் வைக்காதே, ஊகித்துப் படிக்காதே, சொன்ன வரிசையிலேயே செய்" என்று எங்காவது எழுதியிருக்கணும். ஆர்ம் செயலியில் கர்னலே அதை எழுதும்: எட்டு வகை நினைவகத் தன்மைகளை ஒரு பதிவேட்டில் குறித்து, எந்த வகை என்ற எண்ணைப் பக்க அட்டவணையில் போடும். ரிஸ்க்-ஃபைவ் வேறு வழியில் போனது. எந்த முகவரி சாதனம், எது ராம் என்பதை அந்தந்தச் சிப்பை வரைகிறவரே முடிவு செய்வார். கர்னல் எழுத எதுவும் இல்லை. எளிமையான வழிதான். ஆனா ராமிலேயே ஒரு பகுதியைக் கேஷ் இல்லாமல் கேட்கும் சாதனங்கள் வந்தபோது அது போதவில்லை. டி-ஹெட் நிறுவனம் பக்க அட்டவணையின் மேல் பிட்டுகளில் தன் சொந்த வழியில் தன்மைகளைக் குறித்தது. பொது விதி 2021இல் வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. 2022இல் லினக்ஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டது: பொது விதியை விதியாக, டி-ஹெட்டினுடையதைப் பிழைதிருத்தப் பட்டியலில்.

பிஎம்பி எல்லைகளைப் பார்க்கச் சிப் வாங்க வேண்டியதில்லை. க்யூஎமு மென்பொருளில் ரிஸ்க்-ஃபைவ் இயந்திரம் ஒன்றை ஓட்டினால், ஓபன்எஸ்பிஐ ஃபர்ம்வேர் தொடங்கும்போதே தன் எல்லைகளை வரிசையாக அச்சிடும். அது தானே உட்கார்ந்திருக்கும் பகுதியின் வரியைத் தேடுங்கள். இயந்திர நிலைக்கு எதிரே எழுத்துகள் இருக்கும், கர்னலுக்கு எதிரே வெறும் அடைப்புக்குறிதான்.