பறப்பது காத்தாடி... அறுப்பது கழுத்து!

"யாருக்கும் அடிபடலையே" என்று சொல்லித் தப்ப முடியாது

(நமது நிருபர்)

சென்னை.

2019-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. கொருக்குப்பேட்டை மீனாம்பாள் நகர் பாலத்தில் ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. தகப்பனாருக்கு முன்னால் 3 வயது ஆண் குழந்தை.

எங்கிருந்தோ வந்தது ஒரு நூல். குழந்தையின் கழுத்தை அறுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிள்ளை பிழைக்கவில்லை.

அதற்கு 4 வருஷம் முன்னால், 2015 செப்டம்பரில், பெரம்பூர் பக்கம் 5 வயதுச் சிறுவன் பலியானான். அவனும் தகப்பனார் வண்டியில் போனவன்தான். அதே மாஞ்சா நூல்! அதே கழுத்து!

இந்தப் பிள்ளைகளுக்கும், காத்தாடி விட்டவனுக்கும் முன்விரோதம் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் இது கிரிமினல் குற்றம். எப்படி?

விரலுக்குத் துணி, கழுத்துக்கு?

காத்தாடி பறக்க சாதா நூல் போதும். மாஞ்சா எதற்கு? "டீல்" போடத்தான். பக்கத்து மாடிக்காரன் காத்தாடியை அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகப் பழைய பாட்டிலையும் டியூப் லைட்டையும் இடித்து, மாவு மாதிரி சலித்து, வஜ்ரம், கஞ்சி, சாயம் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி நூலில் தடவுகிறார்கள். காய்ந்துவிட்டால் அது நூல் இல்லை, பிளேடு!

மாஞ்சா போடுகிறவன் விரலில் துணியைச் சுற்றிக்கொள்கிறான். ஏன்? விரலை அறுக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் அடுத்தவன் கழுத்தை அறுக்கும் என்று தெரியாதா?

பிறகு வந்தது நைலான் நூல். "சைனா மாஞ்சா" என்று பெயர். பருத்தி நூலாவது வேகமாக இழுத்தால் அறுந்துபோகும். நைலான் லேசில் அறுவதில்லை. சதைதான் அறுகிறது.

கண்ணில் படாத எமன்

டீலில் தோற்ற காத்தாடி நூலோடு போய் எங்கேயோ விழும். அந்த நூல் லைட் கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே ரோட்டுக்குக் குறுக்கே தொங்கும். விட்டவனுக்கு அது தெரியாது. அவன் அடுத்த காத்தாடியைக் கட்டிக்கொண்டிருப்பான்.

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செகண்டில் 11 மீட்டர் போய்விடும். நூல் கண்ணில் படும்போது கழுத்தில் இருக்கும். வண்டியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் அதில் முதலில் சிக்கும். பெரியவர் ஹெல்மெட் போட்டிருந்தாலும் கழுத்து திறந்துதானே கிடக்கிறது?

பாலத்தின் மேல் ஆபத்து இன்னும் ஜாஸ்தி. அங்கே ரோடே மொட்டை மாடி உயரத்துக்கு வந்துவிடுகிறது.

அடிபட்டால்தான் கேஸா?

"காத்தாடி விட்டா குத்தமா சார்? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே!" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதில் 125-வது பிரிவு இருக்கிறது. அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வருகிற மாதிரி அசட்டுத் துணிச்சலாகவோ அஜாக்கிரதையாகவோ ஒரு காரியம் செய்தாலே குற்றம். ஒரு சொட்டு ரத்தம் சிந்த வேண்டியதில்லை. 3 மாதம் வரை ஜெயில், அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இது 336-வது பிரிவு. அப்போது அபராதம் 250 ரூபாய்தான்.

காயம் பட்டால் 6 மாதம் வரை. பலத்த காயம் என்றால் 3 வருஷம் வரை. உயிரே போனால் 106-வது பிரிவு: 5 வருஷம் வரை கம்பி எண்ணலாம். சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தது நிரூபணமானால் 105-வது பிரிவு பாயும். அதில் 10 வருஷம் வரை உண்டு.

நாலு பையன்கள் நாலு மாடியில் ஒரே மாஞ்சாவை விடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் நூல் மரத்தில் மாட்டியது. இன்னொருவன் நூல் ஒருவர் கையைக் கீறியது. மூன்றாமவன் நூல் கழுத்தில் ஆழமாக இறங்கியது. நாலாமவன் நூல் உயிரைக் குடித்தது. நாலு பேரும் செய்தது ஒரே காரியம்தான். மற்ற மூவரையும் கொலைப்பழியில் இருந்து காப்பாற்றியது காற்று அடித்த திசை! அதனால்தான் மரத்தில் மாட்டிய நூலுக்கும் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுவதும் நைலான் மாஞ்சாவுக்கும், கண்ணாடித் தூள் பூசிய நூலுக்கும் தடை போட்டது. 2023-ல் தமிழக அரசும் தடை உத்தரவு போட்டது. தயாரிக்கக் கூடாது. விற்கக் கூடாது. கடையில் வைத்திருக்கவும் கூடாது. பூச்சு இல்லாத சாதா பருத்தி நூலுக்கு மட்டும்தான் அனுமதி. "பழைய ஸ்டாக்குங்க" என்று சொன்னால் செல்லாது.

வண்டி ஓட்டுகிறவர்களே! பிள்ளையை முன்னால் உட்கார வைக்காதீர்கள். ரோட்டில் நூல் தொங்கினால் "நமக்கென்ன" என்று குனிந்து போய்விடாதீர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒரு குச்சியில் அதைச் சுற்றி எடுத்துவிடுங்கள். பின்னால் வருகிற வண்டியில் ஒரு குழந்தை இருக்கலாம். மாஞ்சா விடுவதைப் பார்த்தால் 100-க்கு போன் போடுங்கள்.

பெற்றோர்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். உங்கள் பையன் விரலில் துணி சுற்றியிருக்கிறானா?

காத்தாடி அறுந்து போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கழுத்து?