கண்ணாடி வீட்டுத் தக்காளியும் பச்சை ஏரியும்

கனடாவில் லீமிங்டன் என்று ஒரு ஊர். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் அங்கே கண்ணாடிக் கூரைக்குக் கீழே விளைகின்றன. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே நம்ம ஊர் மாசி மாதம்தான். செடிக்கு அடியில் மண் கிடையாது. பல பண்ணைகளில் தேங்காய் நார்த்தூள் மூட்டைதான். (நம்ம பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் அது பல நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது!)

உரம் கரைத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். வேரில் உப்பு தங்கக் கூடாது என்று தேவைக்கு மேலேயே விடுவார்கள். கொடுத்ததில் கால்வாசி, சில சமயம் அதற்கு மேலும் வடிந்துவிடும். பி.காம். படித்த எனக்கு இங்கேதான் வயிறு எரிகிறது. காசு கொடுத்து வாங்கிய பாஸ்பரஸைச் சாக்கடையில் விட்டுவிட்டு, அதைச் செலவுக் கணக்கில் எழுதுவதாவது!

அந்தச் சாக்கடை, ஓடை வழியாக ஈரி ஏரிக்குப் போகிறது. போனால் என்ன? 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு, கனடாவில் ஒரு சின்ன ஏரியைத் திரை போட்டு இரண்டாக்கியது. இரண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பாசி பிடித்துப் பச்சைப் பசேல்!

2014 ஆகஸ்டில் ஈரிக் கரையிலுள்ள அமெரிக்க நகரமான டொலீடோவில், சுமார் 4 லட்சம் பேருக்குக் 'குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்' என்று உத்தரவு. பாசி விஷம். காய்ச்சினாலும் போகாது. பழியில் பெரும்பங்கு திறந்தவெளி வயல்களுக்குத்தான். ஆனால் லீமிங்டன் பக்கத்து ஓடைகளில் கண்ணாடி வீடுகளின் கைவரிசையும் தெரிந்தது.

என்ன செய்யலாம்? வடிந்த தண்ணீரைப் பிடித்து, அல்ட்ரா வயலட் ஒளியில் கிருமி நீக்கி, குறைந்த உரத்தை மட்டும் சேர்த்து, திரும்பச் செடிக்கே விடலாம். உரக் காசும் மிச்சம்.

"அப்ப எல்லாரும் செய்ய வேண்டியதுதானே சார்?" என்பீர்கள். சோடியம் என்று ஒரு வேண்டாத விருந்தாளி இருக்கிறார். செடி அதை அவ்வளவாகத் தொடாது. சுற்றச் சுற்றச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் தண்ணீரை வெளியேற்றியே ஆகவேண்டும். அதனால்தான் கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கிறார்கள். அதில் சோடியம் குறைவு. கழிக்கிற தண்ணீரையும் ஓடையில் விடாமல் வயலுக்கு உரமாகப் பாய்ச்ச, ஒன்டாரியோ மாகாணம் 2015-லிருந்து தனி விதிகள் வைத்திருக்கிறது.

வயல்காரரால் மழையை நிறுத்த முடியாது, பாவம். கண்ணாடி வீட்டுக்காரரின் தண்ணீரோ குழாய்க்குள்ளேயே இருக்கிறது. லிட்டர் லிட்டராக அளக்கலாம். அளக்க முடிந்த சரக்கு கணக்கில் வரவில்லை என்றால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார், சொல்லுங்கள்?