போட்டி இல்லாத ஒரு வாரம்

1989 டிசம்பர். பாஸ்டன் நகரின் கம்ப்யூட்டர் மியூசியத்தில் பண்டிகை விடுமுறையையொட்டி ஒரு பட்டறை நடந்தது. லெகோ கட்டைகளில் வண்டி செய்து, லோகோ என்ற எளிய கணினி மொழியால் அதை ஓட்ட வேண்டும். சாமான்கள் எல்லாம் எம்.ஐ.டி.யின் மீடியா லேபிலிருந்து இரவல் வாங்கியவை. ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேசியபடி நான்கு பிள்ளைகள் வந்தார்கள். முதலில் ஒரு கார் செய்தார்கள். பிறகு அந்தக் காரைத் தூக்க ஒரு கிரேன். தினமும் வந்தார்கள். விடுமுறை முடிந்தது, சாமான்கள் வந்த இடத்துக்கே திரும்பின. பிள்ளைகளோ மறுவாரமும் வந்து லெகோ கேட்டார்கள். சில வாரம் கழித்து, டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழையும் சிறுவர்களைக் கவனிக்கும்படி ஊழியர்களுக்கு நிர்வாகம் எச்சரிக்கை அனுப்பியது. பார்த்தால், அதே நால்வர்!

அங்கே கல்விப் பொறுப்பில் இருந்த நாட்டலி ரஸ்க், இவர்களை அனுப்பிவைக்க அக்கம்பக்கத்தில் ஓர் இடம் தேடினார். கணினி வைத்திருந்த மையங்கள் ஒன்று விளையாட்டு காட்டின, அல்லது டைப்பிங் மாதிரி அடிப்படைப் பாடம் நடத்தின. சொந்தமாக எதையாவது செய்து பார்க்க இடமில்லை. அதனால் ரஸ்க், மீடியா லேபின் மிட்செல் ரெஸ்னிக், மியூசியத்தைச் சேர்ந்த ஸ்டினா குக் ஆகியோர் சேர்ந்து 1993இல் ‘கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்’ தொடங்கினார்கள். கற்பவர் தானே ஒரு பொருளைச் செய்யும்போது அறிவு தலைக்குள் மிக நன்றாகக் கட்டப்படுகிறது என்று வாதாடிய சீமோர் பேப்பர்ட்டின் சிந்தனை அதற்கு அடித்தளம்.

பள்ளி விட்டதும் வரலாம், கட்டணம் இல்லை. பத்து வயதிலிருந்து பதினெட்டு வரையிலான பிள்ளைகள், அதிலும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் இலக்கு. பாடத்திட்டம், பரீட்சை, அட்டவணை எதுவும் கிடையாது. இசைப்பதிவுக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ உண்டு. அறையின் நடுவே ஒரு பச்சை மேசை. அதன்மேல் கணினி வைப்பதில்லை. வரைய, சாப்பிட, அரட்டை அடிக்க, அடுத்தவர் என்ன செய்கிறார் என்று எட்டிப்பார்க்க அது. எந்த ஊர்க் கிளப்ஹவுஸுக்குப் போனாலும் அந்தப் பச்சை மேசையைத் தேடலாம். என்னைக் கேட்டால், அந்த அறையின் மிக முக்கியமான கருவி அதுதான்.

2000இல் இன்டெல் நிறுவனம் பணத்தோடு வந்து, நூறு கிளப்ஹவுஸ்களை இலக்காக வைத்தது. டப்ளின், பொகோட்டா, ஜொகன்னஸ்பர்க், ரமல்லா, டெல்லி என்று வலை விரிந்தது. அதன் விளைவுதான் டீன் சம்மிட்: இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடையில், பல நாடுகளின் கிளப்ஹவுஸ்களிலிருந்து பதின்வயதினர் பாஸ்டனில் ஒரு வாரம் கூடும் நிகழ்ச்சி. கல்லூரி விடுதியில் தங்கல். ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாக உட்கார விடாமல் குழுக்களாகக் கலைத்துவிடுவார்கள். ஒரு குழு குறும்படம் எடுக்கும், ஒன்று பாட்டுக்கு மெட்டுப் போடும், இன்னொன்று ரோபோவைக் குடைந்துகொண்டிருக்கும். எம்.ஐ.டி.யைச் சுற்றிப் பார்ப்பதும், கல்லூரி, வேலை பற்றிய பேச்சும் உண்டு. கடைசியில் எல்லாரும் தங்கள் படைப்பைக் காட்சிக்கு வைப்பார்கள்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று ஒன்றும் இல்லை. பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தாலே நடுவர் மேசையைப் போட்டுவிடும் பழக்கம் நமக்கு. அதனால் இது சப்பென்று தோன்றலாம். ஆனால் போட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வருபவன் குழுவுக்குத் தலைவனாவான், மீதிப் பேர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பரிசு இல்லாதபோது தாளம் தெரிந்த பையனிடம் அனிமேஷன் தெரிந்த பெண் போய்க் கேட்கிறாள். இரண்டு பேருக்கும் பொதுமொழி அரைகுறைதான். ஆனாலும் திரையைக் காட்டிக் காட்டியே பாதி வேலை நடந்துவிடும்.

ஒரு வாரத்தில் இது கைகூடுகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த வாரம் அல்ல. வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் மாலைதோறும் இப்படித்தான் பழகியவர்கள். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் கேட்டு, அதில் தன் கைச்சரக்கைச் சேர்ப்பது கிளப்ஹவுஸ் பழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து உலகுக்கு ஒரு பெரிய பொருளே கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் சொந்தமாகக் கேம், கதை, அனிமேஷன் செய்ய ஏற்ற நிரல்மொழி இல்லாத குறையைக் கிளப்ஹவுஸ்களில் பார்த்துத்தான் ரெஸ்னிக்கின் குழு ஸ்கிராட்ச்சை உருவாக்கியது. 2007இல் அது உலகுக்கு வெளியானது. ஹிப்ஹாப் டிஜேக்கள் இசைத்தட்டைத் தேய்த்துப் புதிய ஒலி எழுப்புவதிலிருந்து வந்தது அந்தப் பெயர்.

லாஸ் ஏஞ்சலிஸின் ஏழ்மைப் பகுதி ஒன்றிலுள்ள கிளப்ஹவுஸில் ஸ்கிராட்ச்சைக் கொடுத்துவிட்டுப் பதினெட்டு மாதங்கள் கவனித்தார்கள் யாஸ்மின் கஃபாயும் அவருடன் ஆய்வு செய்தவர்களும். வகுப்பு எடுக்கவில்லை. சேர்ந்தவை 536 படைப்புகள். அவற்றில் சுழற்சி, நிபந்தனை, பயனரின் உள்ளீடு என்று நிரலாக்கத்தின் அடிப்படைகள் கிடந்தன. அங்கே ஸ்கிராட்ச் பழகிய பிள்ளைகள் பலருக்கோ, தாங்கள் செய்வது நிரலாக்கம் என்ற நினைப்பே இல்லை!

குறை சொல்லவும் இடமுண்டு. ஒரு கிளப்ஹவுஸிலிருந்து சிலர்தான் பாஸ்டன் போக முடியும். மாலைதோறும் சமமாக உட்கார்ந்தவர்களுக்குள் ‘போனவர்’, ‘போகாதவர்’ என்ற பிரிவை அந்த விமான டிக்கெட் கொண்டுவருகிறது. போட்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தேர்வைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்ட மாதிரி. அமெரிக்க விசா ஒரு தனி வடிகட்டி. அது எந்த நாட்டுப் பிள்ளையை நிறுத்தும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏன் எப்போதும் பாஸ்டன் என்ற கேள்வியும் நியாயம்தான். தொடங்கிய ஊர், எம்.ஐ.டி. இருக்கும் ஊர் என்று பதில் சொல்லலாம். எனக்கு அது அரைப்பதில்.

பணம் தருபவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். இன்டெல் பெயர் தாங்கி வளர்ந்த வலையில் 2012 வாக்கில் பெஸ்ட் பை நிறுவனத்தின் டீன் டெக் சென்டர்கள் சேர்ந்தன. தலைமை அமைப்பு ‘தி கிளப்ஹவுஸ் நெட்வொர்க்’ ஆனது. கணினிக்கும் மென்பொருளுக்கும் நன்கொடை கேட்பது எளிது. சம்மிட்டுக்கும் கேட்கலாம், பல நாட்டுப் பிள்ளைகள் சிரிக்கும் படம் ஆண்டறிக்கையின் அட்டைக்கு ஆகும். ஆனால் ஒரு கிளப்ஹவுஸை நிஜமாக நடத்துபவர், மாலை முழுக்க அங்கேயே இருந்து, யாருக்கு எதில் ஆசை என்று கண்டுபிடிக்கும் ஒருங்கிணைப்பாளர். அவருடைய மாதச் சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க எந்த நிறுவனமும் அவ்வளவு ஆசைப்படாது.