வடக்கே போகும் வழிகள் – 7: கழிமுகம் வளைத்த சாலை

திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறினால் விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று வடக்கே ஓடிப் பொன்னேரியில் இறங்கிவிடலாம். அதே பொன்னேரிக்கு லாரியில் கிளம்புகிறவர் முதலில் மேற்கே திரும்ப வேண்டும். ரயில் பாதையைத் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி, சாத்தாங்காடு, மணலி என்று ஒரு பெரிய வளைவு போட்டு, நாப்பாளையத்தில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து, வல்லூர், பட்டமந்திரி, மீஞ்சூர் எல்லாம் பார்த்த பிறகுதான் பொன்னேரி. அங்கிருந்து சாலை மறுபடி மேற்கே இறங்கி, பஞ்செட்டியில் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் போய் முட்டுகிறது.

திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி நெடுஞ்சாலை என்பது அரசாங்கக் கோப்பில் உள்ள பெயர். லாரிக்காரர்களுக்கு அது டி.பி.பி. ரோடு.

ஏன் இந்த வளைவு? எண்ணூர்க் கழிமுகம்தான் காரணம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருமுன் சேறும் உப்பளமும் அலையாத்தியுமாக அகன்று கிடக்கும் இடம் அது. ரயில் அதன் மேலேயே பாலம் போட்டுக் கடந்தது. சாலையோ ஆறு ஒடுங்கும் இடம் தேடி மேற்கே ஒதுங்கியது. ஆக, இந்தச் சாலையின் போக்கை முதலில் தீர்மானித்தது தண்ணீர். அதற்குப் பிறகு இந்தச் சாலையில் நடந்த பெரிய காரியங்கள் பலவற்றிலும் தண்ணீர் எங்காவது தலைகாட்டுகிறது.

பெயரை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூன்று ஊர்கள் இருக்கின்றன, மணலி இல்லை. இன்று இந்தச் சாலைக்குப் பிழைப்பே மணலிதான் என்றாலும், பெயரைப் பொறுத்தவரை அது போகிற வழியில் உள்ள ஒரு கிராமம்.

கிராமம் என்றாலும் பேர்பெற்ற கிராமம். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கம்பெனியோடு வணிகத் தொடர்பு வைத்துச் செல்வம் சேர்த்த மணலி முதலியார்களின் ஊர். அந்தக் குடும்பத்தின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் இங்கே வந்து தங்கினார். மகன் முத்துசுவாமி தீட்சிதரின் இளமையில் ஒரு பகுதி மணலியில் கழிந்தது. புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் கேட்ட ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் கர்நாடக சங்கீத வகுப்புகளில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது அவற்றைத்தான். மணலி என்றதும் மூக்கைப் பொத்துகிற சென்னைவாசிகளிடம் இதைச் சொன்னால் எளிதில் நம்ப மாட்டார்கள்.

சாலை தொடங்கும் திருவொற்றியூருக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு இன்னும் பழையது. இவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில் செக்காட்டிப் பிழைத்த கலிய நாயனார், கையில் காசு தீர்ந்தபின், கோயில் விளக்குக்கு எண்ணெய் இல்லையே என்று தன் கழுத்தை அரிந்து இரத்தத்தை வார்க்கத் துணிந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இன்று கால்வாயைத் தாண்டினால் எதிரே நிற்பது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை.

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965இல் பதிவானது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டு. 1969இல் ஆலை ஓடத் தொடங்கியபோது திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். பெயர் சென்னை பெட்ரோலியம் என்று மாறிய பின் இப்போது ஒரு கோடியே ஐந்து லட்சம் டன். பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் வந்தது, 1971இல் உரம் உற்பத்தியைத் தொடங்கியது. எம்.எஃப்.எல். ஜங்ஷன் என்று எல்லா டிரைவர்களும் சொல்லும் சந்திப்புக்குப் பெயர் கொடுத்தது அந்தத் தொழிற்சாலை. அடுத்தடுத்துப் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட். மாட்டு வண்டி போன பாதையில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டின.

ஆலைக்குக் கச்சா எண்ணெய் துறைமுகத்திலிருந்து குழாயில் வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வரும்?

இதே சாலையிலிருந்துதான். 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். பழைய ஆற்றுத் தடங்களின் மணற்படுகையில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னை நகரத்துக்கும் இறைக்கத் தொடங்கினார்கள். மூன்றில் இரண்டு டி.பி.பி. ரோட்டு ஊர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விவசாயக் கிணறுகளும் ஒரு பக்கம் ஓடின. பிற்பாடு வயலுக்குப் பாய்ச்சுவதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்ற நிலையும் வந்தது.

கடலோர மணற்படுகையில் இருந்து அளவு மீறி இறைத்தால், வெற்றிடத்தை நிரப்பக் கடல் வரும். நன்னீர் கடல்நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரைதான் எல்லை காக்கப்படும். அந்த அழுத்தம் குறைந்ததும் உப்பு நீர் அடியில் ஊர்ந்து உள்ளே ஏறியது. மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன. கடல்நீர் ஊடுருவலுக்கு உதாரணமாக நீரியல் ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் ஊர் ஆகிவிட்டது மீஞ்சூர். ஏகாம்பரேஸ்வரர், வரதராஜர் இருவருக்கும் கோயில் இருப்பதால் வட காஞ்சி என்று சொல்லப்பட்ட ஊர் அது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டபோது அதற்கு மீஞ்சூர் நிலையம் என்றே பெயர் நிலைத்தது. நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்புத் தண்ணீரை வரவழைத்த ஊரின் பெயரிலேயே, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆலை! மணலி ஆலைகளுக்கும் 2019 முதல் வேறு வழி பிறந்தது. கொடுங்கையூரில் நகரத்துக் கழிவுநீரைப் பல கட்டமாகச் சுத்திகரித்து, நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை அனுப்பும் ஏற்பாடு அது. ஐம்பது வருடம் முன்பே இதைச் செய்திருக்கக் கூடாதா என்று மீஞ்சூர் விவசாயி கேட்டால் பதில் சொல்வது கடினம்.

1990களுக்குப் பிறகு சாலையின் பாரம் இன்னும் ஏறியது. வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று எல்லாம் கொசஸ்தலைக்கு வடகரையில் வந்தன. சாம்பல் லாரி, கன்டெய்னர் ட்ரெய்லர், கார்களை அடுக்கிய நீள வண்டி எல்லாம் நாப்பாளையம் பாலத்தை நம்பின. போதாதென்று வண்டலூரில் புறப்படும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் மீஞ்சூர்ப் பக்கம்தான் வந்து முடிகிறது. டி.பி.பி. ரோட்டின் ஒரு பகுதி, மணலி ஆயில் ரிஃபைனரி ரோடு, உள்வட்டச் சாலை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு நான்கையும் அகலப்படுத்தப் போட்ட எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் மொத்தமே 30 கிலோமீட்டர் அளவுதான். அது பத்தாண்டுக்கு மேல் இழுத்த கதையைப் போன வாரம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பகுதியில் பார்த்தோம்.

அகலப்படுத்திய சாலையையும் ஆறு விட்டுவைக்கவில்லை. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்த உபரி நீர் கொசஸ்தலையில் பெருகி, இந்தச் சாலையோர மணலி புதுநகரில் வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு அது. திட்டம் போட்டவர்கள் ஆற்றைக் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. சென்னை பெட்ரோலியம் ஆலையிலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். படகும் வலையும் கறுத்துப்போக, மீனவர்கள் பக்கெட்டில் எண்ணெயை மொண்டு அள்ளினார்கள்.

மீஞ்சூரைத் தாண்டியதும் சாலையின் முகம் மாறிவிடுகிறது. கன்டெய்னர் குறைகிறது, இரு பக்கமும் வயல் தெரிகிறது. பொன்னேரியில் ஆரணி ஆறு. அகத்தீஸ்வரரும் திருவாயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாளும் சித்திரையில் எதிரெதிரே வந்து சந்திக்கும் ஹரிஹரன் சந்திப்புக்குச் சுற்று வட்டாரமே திரளும். பஞ்செட்டியிலும் ஓர் அகத்தீஸ்வரர். அகத்தியர் இங்கே ஐந்து யாகம் செய்ததால் பஞ்ச இஷ்டி, அதுவே பஞ்செட்டி ஆனது என்கிறது தலபுராணம்.

திருவொற்றியூரிலிருந்து பஞ்செட்டி வரை முழுச் சாலையையும் ஒரே மூச்சில் போகிறவர்கள் குறைவு. கொல்கத்தா நெடுஞ்சாலைக்குப் போக மாதவரம் வழி பக்கம். பார்க்க விரும்பும் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புங்கள், கன்டெய்னர் குறைவாக இருக்கும். நாப்பாளையம் பாலத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். பாலம் தாண்டி ஓரமாக விட்டுவிட்டு நடந்து வந்து ஆற்றைப் பாருங்கள். அடுத்த வாரம் பட்டமந்திரியில் வலப்பக்கம் திரும்பி, துறைமுகத்துக்குப் போகிறோம்.

(தொடரும்)