ஸ்பில் டைமிங் வைத்த காலம்

டீசல் லாரி விடியற்காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் ஆகும் சத்தம் ஒரு தலைமுறைக்குள் அடியோடு மாறிவிட்டது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரம் இரவெல்லாம் நிற்கும் டிரெய்லர்கள், சாவியைத் திருப்பியதும் ஒரே சீரான குரலில் ஓடத் தொடங்குகின்றன. சைலன்சரில் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பெங்களூர் சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை 4 என்று பெயர் இருந்த நாட்களில், ஸ்ரீபெரும்புதூர் டீக்கடைகளுக்கு எதிரே நின்ற லாரிகள் அவ்வளவு எளிதில் கிளம்பியதில்லை. முதலில் இரண்டு மூன்று சிலிண்டர்கள் மட்டும் பிடிக்கும். வண்டி முழுவதும் ஆடும். கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை சாலையை மறைக்கும். டாஷ்போர்டில் இருக்கும் கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இழுத்து வைத்துவிட்டு டிரைவர் இறங்கி டீ சொல்வார். டீ முடிவதற்குள் மற்ற சிலிண்டர்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, புகை மெலியும். சத்தம் ஒன்றானதைக் காதால் அறிந்த பிறகுதான் அவர் கை ஆக்சிலேட்டரைத் தள்ளிவிட்டு கியர் போடுவார்.

அந்தக் காத்திருப்புக்குக் காரணம் டீசலை அழுத்தி அனுப்பும் பம்பில் இருந்தது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே டீசலைத் தெளித்தால்தான் அது ஆவியாகிப் பற்றுவதற்கு அவகாசம் கிடைக்கும். எவ்வளவு முன்பு என்பதுதான் டைமிங். பழைய லாரி இன்ஜின்களில் அது பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும், இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். நிமிடத்துக்கு 600 சுற்று என்ற ஐடிலிங் வேகத்தில்கூட கிராங்க் ஷாஃப்ட் ஒரு நொடியில் 3,600 டிகிரி சுழல்கிறது. ஒரு டிகிரி என்பது ஒரு நொடியில் 3,600இல் ஒரு பங்கு. அந்த நுண்ணிய இடைவெளியைத்தான் மேஸ்திரிகள் ஸ்பேனரால் பிடித்துக் கட்டினார்கள்.

ஒருமுறை கட்டிவிட்டால் அது எல்லா வேளைக்கும் ஒரே அளவுதான். வேகம் கூடும்போது டைமிங்கைச் சற்று முன்தள்ள, மையவிலக்கு விசையால் விரியும் எடைக்கட்டைகள் கொண்ட டைமர் சில பம்புகளில் உண்டு. இன்ஜின் சூடா, குளிரா என்று அறிய எதுவும் கிடையாது. குளிர்ந்த சிலிண்டர் சுவர் அழுத்தத்தில் பிறந்த சூட்டை உறிஞ்சிக்கொள்ள, டீசல் தாமதமாகப் பற்றும். பற்றாமல் போனது வெள்ளைப் புகையாக வெளியேறும். சென்னைப் பக்கத்துக் குளிருக்கு இது பெரிய தொல்லை இல்லை. இங்கே டைமிங் வைத்த லாரி கிருஷ்ணகிரி தாண்டி ஏறி ஓசூரில் ஒரு மார்கழி இரவு தங்கினால்தான் குறை வெளிப்படும். மலைப்பக்கங்களில் டீசல் நனைத்த துணியைக் கொளுத்திக் காற்று இழுக்கும் வாயருகே காட்டி ஸ்டார்ட் செய்தவர்களும் உண்டு. பம்பில் இல்லாத அறிவை டிரைவரின் பொறுமை ஈடுகட்டியது.

ஸ்பில் டைமிங் என்னும் முறையில் டைமிங் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் ஏறி வருகிறதா என்று ராக்கர்களை விரலால் அசைத்து உறுதி செய்வார்கள். பம்பின் முதல் எலிமென்ட்டில் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டி, அதன் தலையில் வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு பையன் கைப் பிரைமரை அடித்துக்கொண்டே இருப்பான், குழாய் நுனியில் டீசல் கம்பிபோல் ஒழுகும். இன்னொருவன் கம்பி போட்டு ஃப்ளைவீலை நெம்புவான்.

"மெதுவாடா... இன்னும் கொஞ்சம்... நில்லு."

"தாண்டிடுச்சா மேஸ்திரி?"

"தாண்டிடுச்சு. அப்படியே இம்மியளவு திருப்பாதே. கால் சுத்து பின்னால போயிட்டு மறுபடி வா."

அந்தக் கால் சுற்றுக்குக் காரணம் உண்டு. கியர் பற்களுக்கு இடையே எப்போதும் சிறு தளர்வு இருக்கும். பின்னோக்கி இழுத்து நிறுத்தினால் அந்தத் தளர்வு டைமிங்கில் பொய் சொல்லும். எனவே ஓடும் திசையிலேயே வந்து நிற்க வேண்டும். பிளஞ்சர் ஏறி உள்வழியை மூட மூட, ஒழுக்கு மெலிந்து சொட்டாகும். சொட்டு நிற்கும் கணத்தில் எல்லாரும் கையை எடுத்துவிடுவார்கள். மேஸ்திரி குனிந்து, டார்ச் அடித்து, ஃப்ளைவீல் ஜன்னலில் குறியும் முள்ளும் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பார். இல்லையென்றால் சில இன்ஜின்களில் பம்பின் விளிம்பு போல்ட்டுகளையும், சிலவற்றில் கப்ளிங் போல்ட்டுகளையும் தளர்த்தித் திருத்த வேண்டும். பம்ப், கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்வதால் பம்பில் ஒரு டிகிரி நகர்த்தினால் இன்ஜினில் இரண்டு டிகிரி மாறும். அது தெரியாத கை, சின்னத் திருத்தம் என்று நினைத்துப் பெரிய கேடு செய்துவிடும்.

பம்பின் உள்வேலை தனி உலகம். அதற்கென்று பம்ப் ரூம்கள் இருந்தன. பெங்களூரில் பாஷ் நிறுவனத்தின் கூட்டில் 1951இல் தொடங்கிய மைக்கோவின் பெயரைத் தாங்கிய பலகைகள் நெடுஞ்சாலை நகரங்கள்தோறும் தொங்கின. கலிபரேஷன் மெஷினில் பம்பை ஏற்றி ஓட்டினால் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை கன்ட்ரோல் ரேக்கில் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு குழாயில் மட்டம் குறைந்தால் அந்த சிலிண்டர் காலையில் கடைசியாகத்தான் பிடிக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் ஐடிலிங் ஸ்குரூவை வைக்கும்போதும் வேகம் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். மேஸ்திரி லாக் நட்டை இறுக்கிய பிறகும் சற்று நேரம் கேட்டுக்கொண்டே நிற்பார்.

அந்நாளில் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய லாரிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று எண்ணூரில் பிறந்த லேலண்ட். மற்றொன்று ஜாம்ஷெட்பூரில் டெல்கோ 1954 முதல் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் செய்தது. அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்து முன்முகத்தில் இருந்த நட்சத்திரம் போன பிறகும் கிராமத்தில் அதைப் பென்ஸ் லாரி என்றே சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரோ அன்று ராமாநுஜர் அவதரித்த ஊர், ஏரிப் பாசன ஊர், லாரிகள் கடந்து போகும் ஊர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. 2012 ஏப்ரலில் அதே டெய்ம்லர், 400 ஏக்கரில் அமைந்த ஒரகடம் ஆலையைத் திறந்து, பாரத்பென்ஸ் என்ற பெயரில் லாரி செய்யத் தொடங்கியது. பக்கத்தில் மண்ணூரில் டெல்ஃபை-டிவிஎஸ், சுழல் பம்புகளைச் செய்துவந்த கையோடு காமன் ரயில் கருவிகளுக்கும் மாறியது. லாரி கடந்து போன ஊர், லாரியும் அதற்கு டீசல் ஊட்டும் கருவியும் பிறக்கும் ஊராகிவிட்டது.

மாற்றத்தைத் தள்ளியது சட்டம். 2000இல் நாடு முழுவதும் வந்த புகை விதிப்படி, கனரக டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 8 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பிஎஸ்-6 விதியில், மாறும் வேகச் சோதனையில் அந்த அளவு 0.46 கிராம். புகைத்துகள் 0.36 கிராமிலிருந்து 0.01 ஆனது. தொண்ணூறுகளின் நடுவில் பத்து லட்சத்தில் 10,000 பங்குவரை கந்தகம் இருந்த டீசலில் இன்று 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அன்று புகையின் நிறத்தைக் கண்ணால் பார்த்து நோய் சொன்னார்கள்: வெள்ளை என்றால் எரியாத டீசல், கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்று ஒரகடத்திலேயே ஜிஏஆர்சி என்னும் அரசு சோதனை மையத்தில் கண்ணுக்குத் தெரியாததையும் கிராமின் பின்னத்தில் அளக்கிறார்கள்.

இங்கே மேஸ்திரிகளைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க எளிய வழி டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவது. முதல் விதிகள் வந்தபோது ஆலைகள் இதைச் செய்தன. வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் இல்லை என்று லாரிக்காரர் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். மேஸ்திரி கொஞ்சம் அட்வான்ஸ் வைத்துவிடுவார். சீல் போட்ட ஸ்குரூவைத் திறந்து டீசலையும் ஏற்றிவிடுவார். வண்டி இழுக்கும், உரிமையாளர் மகிழ்வார். காகிதத்தில் குறைந்த நச்சு காற்றில் மறுபடி கூடும். அந்தக் கைத்திறனை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் சாலையோரம் வாழ்ந்தவர்கள் அதற்குத் தங்கள் நுரையீரலால் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

பிஎஸ்-6க்குப் பிறகு புதிய லாரியில் பழைய வரிசைப் பம்புக்கு இடமில்லை. அன்று நாசில் திறக்கும் அழுத்தம் ஏறக்குறைய 200 பார். இன்று எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயான காமன் ரயிலில் 2,000 பார் அளவில் டீசல் காத்து நிற்கிறது. எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு தெளிப்பது என்பதை இசியூ என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் தீர்மானிக்கிறது. தண்ணீரின் சூட்டை சென்சார் சொல்ல, குளிர்ந்த காலையில் அது டைமிங்கை மாற்றி, முதன்மைத் தெளிப்புக்கு முன் ஒரு துளியை முன்கூட்டியே அனுப்பி, ஐடிலிங்கை உயர்த்தி வைத்து, சூடேறியதும் தானே இறக்குகிறது. கை ஆக்சிலேட்டரும் டீயும் செய்த வேலை அது. ஓசூருக்கு ஒன்று, ஸ்ரீபெரும்புதூருக்கு ஒன்று என்று டைமிங் தனித்தனியாக அமைந்துவிடுகிறது.

பழைய முறையின் மூளை புதிய முறைக்குள் இன்னும் உயிரோடு இருப்பதையும் பார்க்கலாம். அன்று எந்த சிலிண்டர் சோம்பல் என்று அறிய, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் குற்றவாளி. இன்று இசியூ ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு வேகம் கூடுகிறது என்று அளந்து, சளைத்த சிலிண்டருக்குக் கூடுதல் டீசல் கொடுத்துச் சமன் செய்கிறது. கேள்வி ஒன்றுதான், கேட்கும் காது மாறிவிட்டது. ஆனால் பழைய பழக்கத்தில் காமன் ரயில் குழாயை ஓடும்போது தளர்த்தினால், அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரலாம். புதிய வண்டிக்கு மாறும் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். ஆறு கண்ணாடிக் குழாய்களின் இடத்தில் இன்று இன்ஜெக்டரின் தலையில் பொறித்த, எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு இருக்கிறது. இன்ஜெக்டரை மாற்றினால் அந்தக் குறியீட்டை லேப்டாப் வழியாக இசியூவில் ஏற்ற வேண்டும்.

ஒற்றை லாரியை வைத்துப் பிழைப்பவருக்கு இழப்பு இங்கேதான். அன்று ஆம்பூர் ஓரம் நின்றுபோன வண்டியை, ஏர் எடுத்து, பம்பைத் திருத்தி, அன்றிரவே கிளப்பும் ஆள் நடந்து போகும் தூரத்தில் இருந்தார். இன்று செக் லைட் எரிந்தால் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கு வண்டி போக வேண்டும், அல்லது ஸ்கேனர் வண்டியிடம் வர வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகைக்குழாயில் தெளிக்கும் யூரியாக் கரைசல் தீர்ந்தால் இன்ஜின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும், டிரைவரின் அனுபவத்துக்கு அதில் வேலையில்லை. தூய காற்றுக்கு இந்த விலை தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் பழுதறியும் மென்பொருள் சிறு ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காதது தூய காற்றுக்காகக் கொடுக்கும் விலை அல்ல. அதைச் சரிசெய்ய முடியும், சரிசெய்ய வேண்டும்.

மிச்சமிருக்கும் பம்ப் ரூம்களுக்கு இப்போது பழைய லாரிகளோடு டிராக்டரும் ஜெனரேட்டரும் மீன்பிடி விசைப்படகின் இன்ஜினும் வருகின்றன. ஐடிஐயில் மெக்கானிக் டீசல் படிக்கும் பையன்கள் பழைய பம்பையும் காமன் ரயிலையும் சேர்த்தே கற்கிறார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் ஒன்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்: மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றுதான் ஸ்கேனர் சொல்லும், இன்ஜெக்டரா, வால்வா, தேய்ந்த ரிங்கா என்று அது சொல்லாது. விலை உயர்ந்த இன்ஜெக்டரை வாங்கச் சொல்வதற்கு முன், கம்ப்ரஷன் கேஜை எடுத்து வா என்று சொல்லும் மூத்த மேஸ்திரி பக்கத்தில் இருந்தால் லாரிக்காரருக்குப் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சும்.